பேச்சுத் திறன்கள் எல்லாம் ஒரே பகடை உருட்டலாகிப் போவது ஏன்?

ஆறாம்விரல்

கேரக்டராக நடித்து, பகடை உருட்டி முடிவு பார்க்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், அதாவது 2014 விதிகளில், பெர்சுவேஷன் (இணங்கவைத்தல்), டிசெப்ஷன் (ஏமாற்றுதல்), இன்டிமிடேஷன் (மிரட்டல்) மூன்றும் கரிஸ்மா எனும் ஆளுமைக் கவர்ச்சி மதிப்பைச் சார்ந்தவை. மூன்றிலும் பயிற்சி எடுத்த கேரக்டருக்கு மூன்றுக்கும் ஒரே மாடிஃபையர்தான், அதாவது இருபதுமுகப் பகடையில் விழுவதோடு கூட்டும் எண். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொல்லும் டிசியும் (வெற்றிக்குத் தொடவேண்டிய எண்) பெரும்பாலும் 15 என்றே வந்து விழுகிறது. காவலாளியிடம் கெஞ்சினாலும், மிரட்டினாலும், புளுகினாலும் கடைசியில் கிடைப்பது "சரி, உள்ளே போ" என்ற ஒரே பதில். பிறகு எதற்கு மூன்று திறன்கள்?

இந்த மூன்றையும் ஆட்டத்தில் உண்மையாகவே வெவ்வேறாக உணரவைப்பது எப்படி? மற்ற சிஸ்டங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன? பாடகர் வகை கேரக்டரான பார்ட் ஒருவரே எல்லாப் பேச்சையும் எடுத்துக்கொள்ள, மற்ற மூவர் வேடிக்கை பார்க்கும் நிலையை விதிகளால் மாற்ற முடியுமா?

பகடைமுகம்

முதல் பிரச்சினை அந்த 15 தான். 2014 டிஎம் கையேட்டின் எட்டாம் அத்தியாயத்தில் இதற்கென்று ஓர் அட்டவணையே இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

என்பிசியின் (டிஎம் நடத்தும் கேரக்டர்) மனநிலை நட்பு, அலட்சியம், பகை என்று மூன்று வகை. டிசி 0, 10, 20 என்று மூன்று படிகள். டிசியைத் தீர்மானிப்பது நீங்கள் எவ்வளவு இனிமையாகப் பேசினீர்கள் என்பதைக் காட்டிலும், கேட்கும் காரியம் அவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதுதான்.

அலட்சியமாக இருப்பவர்: 10 எடுத்தால் ஆபத்தில்லாத உதவியைச் செய்வார். 20 எடுத்தால் சிறிய ஆபத்தை ஏற்பார். அதற்கு மேல் எவ்வளவு உருட்டினாலும் கிடையாது.
நட்பாக இருப்பவர்: ஆபத்தில்லாத உதவிக்குப் பகடையே வேண்டாம். 10க்குச் சிறிய ஆபத்து, 20க்குப் பெரிய ஆபத்து.
பகையாக இருப்பவர்: 10 எடுத்தால் உதவ மாட்டார், கெடுக்கவும் மாட்டார். 20 எடுத்தால்தான் ஆபத்தில்லாத உதவி.

ஆக, பகையாளியிடம் போய் "உன் உயிரைப் பணயம் வைத்து எங்களைக் காப்பாற்று" என்று கேட்டால் இயல்பாக 20 விழுந்தாலும் நடக்காது. முதலில் மனநிலையை நகர்த்த வேண்டும். அதற்குத்தான் இன்சைட், அதாவது ஆளை எடைபோடும் திறன். கொஞ்ச நேரம் பேசவிட்டு, அவருடைய கொள்கை, பற்று, பலவீனம் இவற்றில் ஒன்றைக் கண்டுபிடிக்கிறீர்கள். பேச்சில் அதைச் சரியாகத் தொட்டால் மனநிலை தற்காலிகமாக ஒரு படி மேலே போகும். தவறாகச் சீண்டினால் ஒரு படி கீழே. இன்சைட் உருட்டல் தேவையான எண்ணுக்கு 10 அல்லது அதற்கு மேல் குறைந்து தோற்றால் டிஎம் தவறான தகவலைக்கூடக் கொடுக்கலாம்.

இதில் மூன்றாவது கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. இன்சைட் விஸ்டம் எனும் கூர்ந்தறிவு மதிப்பைச் சார்ந்தது. கிளெரிக்கோ ரேஞ்சரோ (பூசாரி, வேட்டைக்காரர் வகை கேரக்டர்கள்) கவனிக்க, பார்ட் பேசலாம்.

கரிசல்

அட்டவணை நல்ல விஷயம்தான். ஆனால் அட்டவணை மட்டும் இருந்து, அதன் டிசி நிலையாக நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டி அண்ட் டியின் 3.5 பதிப்பு (2003) ஒரு பாடம்.

அங்கே இணங்கவைக்கும் திறனான டிப்ளமசிக்கு எதிராளியின் லெவலோ மன உறுதியோ கணக்கில் வராது. பகையை அலட்சியமாக்க 25, நட்பாக்க 35, முழு ஆதரவாக்க 50. அவ்வளவுதான். இப்போது எட்டாம் லெவல் அரை-எல்ஃப் ஒருவரைக் கட்டிப் பாருங்கள்: ரேங்க் (திறனில் போட்ட புள்ளிகள்) 11, சினர்ஜி (துணைத் திறன்கள் தரும் கூடுதல்) மூன்று இடங்களிலிருந்து 6, இனத்துக்கு 2, ஸ்கில் ஃபோகஸ் என்ற சிறப்புத் தகுதிக்கு 3, நெகோஷியேட்டர் தகுதிக்கு 2, கரிஸ்மா 18க்கு 4. மொத்தம் 28. அந்தப் பதிப்பில் திறன் உருட்டலில் 1 விழுந்தால் தானாகத் தோல்வி என்ற விதியும் கிடையாது. ஒரு நிமிடம் பேசினால் எந்தப் பகையாளியும் கட்டாயம் அலட்சியத்துக்கு வந்துவிடுவார். அவரை நட்பாக்க 7 விழுந்தால் போதும், அதாவது 70 சதவீதம். அவசரமாக ஒரே சுற்றில் பேச −10 என்றாலும், வாளை ஓங்கி நிற்பவனை அலட்சியமாக்க அதே 70 சதவீதம்.

எதிரி அரக்க அரசனா, சந்தைக் கடைக்காரனா என்ற வித்தியாசமே இல்லாமல் போகிறது. எதிராளியின் எண் கணக்குக்குள் வந்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தூக்கணாங்குருவி

ஆறாம்விரலின் முதல் கேள்விக்கு என் பதில்: திறன்களைத் தொனியால் பிரிக்காதீர்கள். எவ்வளவு நேரம் பிடிக்கும், எவ்வளவு நேரம் நிற்கும், முடிந்தபின் எதிராளி என்ன செய்வார் என்ற மூன்றால் பிரியுங்கள்.

கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டத்தின் ஏழாம் பதிப்பு இதைச் சுத்தமாகச் செய்திருக்கிறது. அங்கே நான்கு திறன்கள்: சார்ம், ஃபாஸ்ட் டாக், இன்டிமிடேட், பெர்சுவேட். தொடக்க மதிப்பு முறையே 15, 5, 15, 10 சதவீதம். நூறு வரை உருட்டி, உங்கள் மதிப்புக்குள் விழுந்தால் வெற்றி.

ஃபாஸ்ட் டாக் என்பது வாயாடித் தப்பிப்பது. வாசலில் நிற்பவரை ஒரு நிமிடத்தில் குழப்பி உள்ளே போய்விடலாம். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஏமாந்தது அவருக்கு உறைக்கும். பெர்சுவேட் நேர் எதிர். உட்கார்ந்து வாதாட வேண்டும், அரை மணி நேரமாவது பிடிக்கும். ஆனால் மனம் மாறினால் அந்த மாற்றம் நிற்கும். சார்ம் ஆளைப் பிடித்துப்போவதால் நடப்பது, வாதத்துக்கு அதில் வேலையில்லை. இன்டிமிடேட் பயத்தால் நடப்பது, பயம் போனதும் அதுவும் போகும்.

எதிராளியின் எண்ணும் உள்ளே வருகிறது. அவரிடம் அதே திறனோ ஆளை எடைபோடும் சைக்காலஜியோ 50க்குக் கீழே இருந்தால் சாதாரண உருட்டல். 50 தொட்டால் உங்கள் மதிப்பில் பாதி. 90 தொட்டால் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் பெர்சுவேட் 60, எதிரே இருக்கும் வழக்கறிஞரின் சைக்காலஜி 55 என்றால், 30 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். கரிசல் சொன்ன ஓட்டை இங்கே அடைபட்டுவிடுகிறது.

ஆறாம்விரல்

நேரமும் பின்விளைவும் என்று பார்த்தால் தெளிவாகிறது. ஐந்தாம் பதிப்பில் இன்டிமிடேஷனை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது பெர்சுவேஷனுக்குச் சமமான டிசியில் நின்றால் பின்விளைவு கெட்டதாக இருப்பதால் யாருமே எடுக்க மாட்டார்களே? கூடவே இன்னொன்று: மெலிந்த பார்ட் மிரட்டினால் +7, இரண்டு ஆள் உயர பார்பேரியன் (முரட்டுப் போராளி) மிரட்டினால் −1. இது எப்படிச் சரி?

சாணைக்கல்

இரண்டாவது சுலபம். 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கிலேயே திறனை வேறு அபிலிட்டியோடு (கரிஸ்மா, ஸ்ட்ரெங்த் போன்ற அடிப்படை மதிப்பு) சேர்க்கும் மாற்று விதி இருக்கிறது. பார்பேரியன் உடல்பலத்தைக் காட்டி மிரட்டுவதற்கு ஸ்ட்ரெங்த் இன்டிமிடேஷன் என்பதுதான் அங்கே கொடுக்கப்பட்ட உதாரணங்களில் ஒன்று. மேசையை ஒரே கையால் முறிக்கும்போது ஸ்ட்ரெங்த். "உன் மகன் எந்தத் தெருவில் விளையாடுகிறான் என்று தெரியும்" என்று மெதுவாகச் சொல்லும்போது கரிஸ்மா.

முதல் கேள்விக்கு பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பைப் (2019) பாருங்கள். அங்கே ஒவ்வொரு திறனும் தனித்தனிச் செயல்களாக உடைக்கப்பட்டிருக்கிறது.

டிப்ளமசியில் 'மேக் அன் இம்ப்ரெஷன்' ஒரு நிமிடம் பிடிக்கும், எதிராளியின் வில் டிசிக்கு (மன உறுதி எண்) எதிராக உருட்டுவது. வென்றால் மனநிலை ஒரு படி ஏறும், கிரிட்டிக்கல் வெற்றிக்கு (மிகப் பெரிய வெற்றி) இரண்டு படி, கிரிட்டிக்கல் தோல்விக்கு ஒரு படி இறங்கும். அதன்பிறகு 'ரிக்வெஸ்ட்'. அவர் நட்பு நிலைக்கு வந்த பிறகுதான் எதையும் கேட்கவே முடியும். அலட்சியத்திலிருந்து தொடங்கினால் குறைந்தது இரண்டு வெற்றிகள் தேவை.

இன்டிமிடேஷனில் 'கோயர்ஸ்' (கட்டாயப்படுத்துவது). இதுவும் ஒரு நிமிடம்தான், ஆனால் ஒரே உருட்டல். மனநிலை எதுவாக இருந்தாலும் முயலலாம். வென்றால் சொன்னதைச் செய்வார், அதிகபட்சம் ஒரு நாள். பிறகு வெறுப்பு நிலைக்கு (அலட்சியத்துக்கும் பகைக்கும் நடுப்படி) போவார், உங்களைப் பற்றி அதிகாரிகளிடம் சொல்லவும் கூடும். கிரிட்டிக்கல் வெற்றியில் வெறுப்பு இருக்கும், ஆனால் பயத்தில் வாய் திறக்க மாட்டார். தோற்றால் காரியமும் நடக்காது, வெறுப்பும் வரும். கிரிட்டிக்கல் தோல்வியில் பகையாகி, குறைந்தது ஒரு வாரத்துக்கு உங்களால் அவரை மிரட்டவே முடியாது.

அதாவது மிரட்டல் குறுக்கு வழி. படியேறாமல் காரியத்தைப் பறித்துக்கொண்டு, அந்த ஊரில் ஒரு எதிரியை விட்டுவிட்டுப் போகிறீர்கள். இன்று இரவே கப்பலேறும் குழுவுக்கு அது சிறந்த தேர்வு. அதே ஊரில் மூன்று மாதம் தங்கும் குழுவுக்கு அது விஷம். ஆட்டத்தை ஆடும் வீரர்கள் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடமே இதுதான்.

வாய்தா

இவ்வளவு அட்டவணை தேவையா என்பது என் கேள்வி. பேச்சுக் காட்சியில் பகடையை ஓரமாக வைத்துவிட்டு நடித்துப் பேசினால் போதும். வீரர் சொன்னது நம்பும்படி இருந்தால் என்பிசி நம்புகிறார். 1974 முதல் பதிப்பில் பெர்சுவேஷன் என்று ஒரு திறன் கிடையாது, ஆட்டம் நடக்கத்தானே செய்தது.

பகடைமுகம்

வாய்தா, மரியாதையோடு மறுக்கிறேன். 1974இல் திறன் இல்லை என்பது சரி. ஆனால் அறிமுகமில்லாதவர்களைச் சந்திக்கும்போது இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டி எதிர்வினை பார்க்கும் முறை அப்போதே இருந்தது. 1981 பேசிக் பதிப்பில் அது இன்னும் தெளிவு: 2 விழுந்தால் உடனே தாக்குதல், 3–5 பகை, 6–8 தயக்கம், 9–11 தாக்காது, 12 உற்சாகமான நட்பு. கரிஸ்மா 18க்கு +2, 3க்கு −2. 6–8 விழும் வாய்ப்பு 36இல் 16. கிட்டத்தட்ட பாதிச் சந்திப்புகள் தயக்கத்தில் தொடங்கும், அங்கே வீரர் பேசுவதற்கு இடம் திறக்கும். பகடையும் பேச்சும் அப்போதே சேர்ந்துதான் நடந்தன.

முக்கியமான மறுப்பு வேறு. பார்பேரியனை ஆடுபவரை நிஜக் கல்லைத் தூக்கச் சொல்வதில்லை. திக்கித் திக்கிப் பேசும் ஒருவர் கரிஸ்மா 18 உள்ள பாலடினை (புனிதப் போராளி) ஆட ஆசைப்பட்டால், மேடைப் பேச்சு வராத ஒரே காரணத்துக்காக அவரைத் தோற்கடிப்பது அநியாயம்.

அவரிடம் வசனம் கேட்காதீர்கள். இரண்டை மட்டும் கேளுங்கள்: எதிராளி என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறீர்கள்? அவரை அசைக்க எதைப் பிடித்து இழுக்கிறீர்கள்? "அவர் வாயிலைத் திறக்கணும். அவர் தம்பி கடனில் இருப்பதைச் சொல்லி, அதைத் தீர்க்கிறோம் என்கிறேன்." இது போதும். பிடி நல்லதாக இருந்தால் அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது) கொடுங்கள், அல்லது டிசியைக் குறையுங்கள். அழகாக நடிப்பவருக்கும் அதே அளவுகோல்தான். பிடி இல்லாத அழகான வசனத்துக்குத் தனியாக எண் கிடையாது.

வாய்தா

பிடியைக் கேட்பது நல்ல வழி, அதை ஒத்துக்கொள்கிறேன். வீரரின் யோசனைக்கு மதிப்பு இருக்கிறது, நாக்கின் வேகத்துக்கு இல்லை. ஆனால் பிடி மறுக்கவே முடியாத அளவுக்குச் சரியாக இருந்தால் பகடையே வேண்டாம் என்பதில் மாற மாட்டேன்.

பகடைமுகம்

அதில் எனக்கும் மறுப்பில்லை. 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கும் அதையே சொல்கிறது. என்பிசி விரும்பினால் உருட்டல் கிடையாது, நடக்கும். அறவே விரும்பாவிட்டாலும் உருட்டல் கிடையாது, நடக்காது. தயங்கினால் மட்டும் பகடை. டிசி 15 அல்லது அவருடைய இன்டெலிஜென்ஸ் மதிப்பு, இரண்டில் எது பெரிதோ அது. நட்பாக இருந்தால் அட்வான்டேஜ், பகையாக இருந்தால் டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிச் சிறியதை எடுப்பது).

கயல்விழியாள்

இன்சைட் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை, மேசையில் அதிகம் உடைவது அதுதான்.

ஒரு என்பிசி பொய் சொல்கிறார். அவருடைய டிசெப்ஷன் உருட்டல் 14, வீரர்களுக்கு அதையே டிசியாக எடுத்துக்கொள்வோம். நான்கு வீரர்களுக்கும் இன்சைட் +3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் 11 விழ வேண்டும், 50 சதவீதம். நால்வரும் தனித்தனியாக "நானும் பார்க்கிறேன்" என்று உருட்டினால் ஒருவராவது பிடிக்கும் வாய்ப்பு 93.75 சதவீதம். உங்கள் உலகத்தில் யாராலும் பொய்யே சொல்ல முடியாது.

தீர்வு: உரையாடலில் யார் கவனிக்கிறார் என்று முன்பே கேளுங்கள். ஒருவர் உருட்டட்டும், இன்னொருவர் உதவினால் அவருக்கு அட்வான்டேஜ். மற்றவர்களுக்கு பாசிவ் இன்சைட், அதாவது 10 கூட்டல் மாடிஃபையர். +3 உள்ளவருக்கு 13. மேலே சொன்ன 14ஐ அது தொடாது, மோசமான பொய்யை மட்டும் பிடிக்கும்.

அடுத்த உடைவு, வெற்றியில் டிஎம் சொல்லும் பதில். "அவன் பொய் சொல்றான்" என்று சொன்னால் துப்பறியும் கதை அங்கேயே முடிந்துவிடும். இன்சைட் மனதைப் படிக்கும் மந்திரமாகிவிடக் கூடாது. "கிடங்கைப் பற்றிக் கேட்டதும் சாவிக்கொத்தைத் தொடுகிறார், மற்றக் கேள்விகளுக்கு அப்படி இல்லை" என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள். தோல்வியில் "அவர் உண்மைதான் சொல்கிறார்" என்று சொல்வதும் தவறு. 3 விழுந்ததை வீரர் பார்த்துவிட்டார், அதை அவர் நம்பமாட்டார். "அவர் முகத்திலிருந்து எதுவும் பிடிபடவில்லை" என்றால் போதும்.

அபோகலிப்ஸ் வேர்ல்ட் ஆட்டத்தில் (2010) 'ரீட் எ பர்சன்' (ஆளைப் படிப்பது) என்ற மூவ், அதாவது விதியில் உள்ள செயல், எனக்குப் பிடித்த வடிவம். இரண்டு ஆறுமுகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் எடுத்தால் மூன்று கேள்விகள், 7–9க்கு ஒரு கேள்வி, பேச்சு நடக்கும்போதே எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். உண்மை சொல்கிறாரா, உள்ளே என்ன உணர்கிறார், என்ன செய்ய நினைக்கிறார், நான் என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறார், இன்னதை அவரைச் செய்யவைப்பது எப்படி. கடைசிக் கேள்விதான் பகடைமுகம் சொல்லும் 'பிடி'யை நேராகக் கையில் கொடுக்கிறது. ஐந்தாம் பதிப்பிலும் இன்சைட் வெற்றிக்கு இந்த ஐந்திலிருந்து ஒன்றைக் கேட்கவிடலாம். விதியை மாற்றாமலே நடக்கும்.

கரிசல்

வகைகளே போதவில்லை என்று நினைப்பவர்கள் பர்னிங் வீல் என்ற ஆட்டத்தின் விதிகளைத் திறந்து பாருங்கள். பெர்சுவேஷனுக்குப் பக்கத்தில் கூட்டத்தின் முன் பேசும் ஆரேட்டரி தனி, தர்க்கத்தை அடுக்கும் ரெட்டரிக் தனி, பேரம் தனி, பொய் தனி. 'அக்லி ட்ரூத்' என்று ஒன்று: சுடும் உண்மையை முகத்துக்கு நேரே சொல்வது. 'சூதிங் பிளாட்டிட்யூட்ஸ்': இதமான வெற்று வார்த்தைகளால் தடவிக்கொடுப்பது. ஒரு கேரக்டர் எப்படிப் பேசுவார் என்பது அவருடைய திறன் பட்டியலைப் படித்தாலே தெரிந்துவிடும். இந்த அளவு நுணுக்கம் வேறு எந்த சிஸ்டத்திலும் எனக்கு நிறைவாகத் தெரிந்ததில்லை.

பெரிய வாதங்களுக்கு 'டூயல் ஆஃப் விட்ஸ்' (வாதப் போர்). இரு தரப்பும் முதலில் என்ன வேண்டும் என்று தெளிவாகப் பணயம் சொல்கிறார்கள். பிறகு மூன்று நகர்வுகளை மறைவாக எழுதி, ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள்: பாயிண்ட் (வாதம் வைப்பது), ரிபட்டல் (எதிர்வாதம்), ஆப்ஃபஸ்கேட் (குழப்புவது), டிஸ்மிஸ் (தூக்கியெறிவது) போன்றவை. டிஸ்மிஸ் பலமான அடி, ஆனால் அந்த அடியில் வாதம் முடியாவிட்டால் அடுத்த திருப்பத்தில் தயங்கி நிற்க வேண்டும். வாதபலம் என்ற புள்ளிகள் பூஜ்யத்துக்கு வந்தவர் தோற்றார். ஜெயித்தவர் எவ்வளவு வாதபலத்தை இழந்தாரோ, அந்த அளவுக்குத் தோற்றவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். முழு வெற்றி அபூர்வம், சமரசம்தான் வழக்கம். அரசவைக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை.

கெடுவது எங்கே என்றால், இதைச் சத்திரக்காரரிடம் அறை வாடகை குறைக்கவும் பயன்படுத்துவது. சின்ன விஷயத்துக்கு ஒரே உருட்டல் போதும்.

ஆறாம்விரல்

வீரர்களுக்குள் ஒருவர் இன்னொருவரை பெர்சுவேஷன் உருட்டி மடக்க முயன்றால்?

கயல்விழியாள்

கட்டாயப்படுத்தவே கூடாது. தன் கேரக்டர் என்ன நினைக்கிறது என்பது அந்த வீரரின் உரிமை. அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழி: 10 அல்லது அதற்கு மேல் எடுத்தால், சொன்னதைச் செய்பவருக்கு எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்கும், மறுத்தால் நெருக்கடியில் செயல்படுவதாக உருட்ட வேண்டியிருக்கும். 7–9க்கு இந்த இரண்டில் ஒன்று மட்டும். ஆசையும் அழுத்தமும் உண்டு, முடிவு அவரிடமே.

சாணைக்கல்

ஆறாம்விரலின் மூன்றாவது கேள்விக்கு பாத்ஃபைண்டரின் 2020 கேம்மாஸ்டரி கைடில் 'இன்ஃப்ளூயன்ஸ்' என்ற உபமுறை. விருந்து, வழக்கு விசாரணை போன்ற நீண்ட காட்சியைச் சுற்றுகளாகப் பிரிக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் ஒன்று செய்யலாம்: என்பிசியைக் கவர முயல்வது, அல்லது அவரைப் பற்றிக் கண்டறிவது. கவர்வதில் வெற்றிக்கு 1 புள்ளி, கிரிட்டிக்கலுக்கு 2, கிரிட்டிக்கல் தோல்விக்கு ஒன்று குறையும். குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டால் குறிப்பிட்ட உதவி.

ஒவ்வொரு என்பிசிக்கும் எந்தத் திறன் எளிது, எது கடினம் என்று பட்டியல் இருக்கும். ஓய்வுபெற்ற தளபதியிடம் டிப்ளமசி கடினம், போர்க்கலை பற்றிய அறிவு எளிது என்று எழுதிவைத்தால் போர்வீரர் வகை ஃபைட்டருக்கும் வேலை வந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் எல்லாரும் ஒரே நேரத்தில் செயல்படுவதால் பார்ட் ஒருவர் ஓடி ஓடிப் பேசவும் முடியாது. சுற்றுகளை மூன்று அல்லது நான்கோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் புள்ளி எண்ணும் வேலை மட்டும் மிஞ்சும்.

தூக்கணாங்குருவி

மேலே வந்ததையெல்லாம் ஒரே காவலாளியிடம் 2014 விதிகளில் போட்டுக் காட்டுகிறேன். துறைமுக வாயில், நள்ளிரவு. ஒரு பெட்டியைத் திறந்து பார்க்காமல் விடவேண்டும். காவலர் அலட்சிய நிலை. சோதிக்காமல் விடுவது அவருக்குச் சிறிய ஆபத்து.

நேராக பெர்சுவேஷன்: டிசி 20. மாடிஃபையர் +5 என்றால் 15 விழ வேண்டும், 30 சதவீதம்.

கிளெரிக் முதலில் இன்சைட்: தம்பியின் கடன் வெளியே வருகிறது. அதைத் தொட்டுப் பேசினால் தற்காலிக நட்பு, டிசி 10, 80 சதவீதம். கடனில் பாதியை இப்போதே கொடுத்தால் அட்வான்டேஜ், 96 சதவீதம். இதற்குப் பத்து நிமிடமாவது பேச வேண்டும், நடுவே ரோந்து வரும் அபாயம் உண்டு. ஆனால் கடனைத் தீர்த்துவிட்டால் அடுத்த வாரமும் அவர் உங்கள் ஆள்.

டிசெப்ஷன்: அதிகாரியின் போலி முத்திரை. அவருடைய இன்சைட்டுக்கு எதிராக உருட்டல், ஒரு நிமிடம்தான். காலையில் பேரேட்டைச் சரிபார்க்கும் வரை செல்லும். அதன்பிறகு துறைமுகம் முழுக்க உங்கள் முகவர்ணனை போகும்.

இன்டிமிடேஷன்: டிசியை 15க்கு இறக்குங்கள், 55 சதவீதம். உடனே திறப்பார். நீங்கள் தெருமுனை திரும்பியதும் மணி அடிப்பார். தோற்றால் அங்கேயே அடிப்பார்.

உருட்டுவதற்கு முன் இந்த நான்கு விலைகளையும் வீரர்களிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்தால் எல்லாரும் பெரிய எண்ணையே தேடிப் போவார்கள்.

ஆறாம்விரல்

டிசியை மிரட்டலுக்கு இறக்குவது விதியில் இருக்கிறதா, உங்கள் சேர்க்கையா?

தூக்கணாங்குருவி

என் சேர்க்கை. கையேட்டு அட்டவணை மூன்று திறன்களுக்கும் ஒரே டிசிதான் தருகிறது. பின்விளைவு கெட்டதாக இருக்கும்போது வாய்ப்பு கூடுதலாக இல்லாவிட்டால் அந்தத் திறன் செத்துப்போகும் என்பதால் 5 குறைக்கிறேன்.

வாய்தா

பெர்சுவேஷன் தோற்றதும் "சரி, அப்போ மிரட்டுறேன்", அதுவும் தோற்றதும் "சரி, புளுகுறேன்" என்று வரிசையாக வருவதை எப்படி நிறுத்துவது? மூன்று முயற்சி கொடுத்தால் உங்கள் சதவீதக் கணக்கெல்லாம் வீண்.

கரிசல்

பர்னிங் வீலில் இதற்கு 'லெட் இட் ரைட்' என்று விதி: சூழ்நிலை உண்மையாகவே மாறாதவரை முதல் உருட்டலின் முடிவே நிற்கும். 2024 டி அண்ட் டியில் தோற்றால் அதே வழியில் மறுபடி கேட்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் அது அதே வழியை மட்டும்தான் தடுக்கிறது, வேறு திறனுக்கு மாறுவதைத் தடுக்காது. அந்த இடத்துக்கு நான் சொல்வது: ஒவ்வொரு தோல்வியும் மனநிலையை ஒரு படி இறக்கட்டும். அலட்சியக் காவலரிடம் பெர்சுவேஷன் தோற்றால் அவர் இப்போது பகை. பகையாளி 20க்குக்கூடச் சிறிய ஆபத்தை ஏற்கமாட்டார், ஆகவே பெட்டிக் காரியத்துக்கு அட்டவணையில் இடமே இல்லை. புதுப் பிடி ஒன்றைக் கொண்டுவந்தால் மட்டும் மறுபடி பகடை.

வாய்தா

தம்பியையே நேரில் கூட்டிவருவது புதுப் பிடியில் சேரும். குரலை உயர்த்துவது சேராது. சரிதானே?

கரிசல்

சரி. அதே தம்பியைக் கழுத்தில் கத்தி வைத்துக் கூட்டிவந்தாலும் புதுப் பிடிதான். அப்போது திறன் இன்டிமிடேஷன், மணி அடிப்பதும் நிச்சயம்.